வெளியில் வாழ்ந்த மனிதருக்கு ஒரு கல்வெட்டு

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரியவர் கண்மூடினால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது வழக்கம். முன்னட்டையில் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இந்த ஒழுங்கில் குறையில்லை. குறை வாழ்க்கை வரலாற்றில்தான். இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் என்றால், எந்த ஆண்டு எந்தக் கந்தோர், எப்போது இடமாற்றம் என்று இரண்டு பக்கம் போகும். 60 வயதுக்குப் பிறகு வளவிலும் வயலிலும் கடற்கரையிலும் அவர் திரிந்த இருபது வருடத்துக்கு ஒரே வரி: ‘ஓய்வுக்காலத்தைப் பேரப்பிள்ளைகளுடன் இன்பமாகக் கழித்தார்.’ அந்த ஒரு வரியை நான்கு பக்கமாக்குவது எப்படி என்றுதான் இன்று கதைக்கப்போகிறோம்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். படித்தவர் என்பதற்காக ஒருவரைப் பிடிக்க வேண்டாம். பெரியவரோடு வெளியே போய்வந்தவரைப் பிடியுங்கள். அது மருமகனாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பெடியனாகவும் இருக்கலாம். 18ஆம் நாளுக்குள் எழுத்து அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் முதலில் பலியாவது பிழைதிருத்தம்தான்.

‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனிசன்’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. விடிய எழும்பி முதலில் எங்கே போவார், சைக்கிள் கரியரில் என்ன கட்டியிருக்கும், திரும்பி வரும்போது பையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். பங்குக் கிணற்றில் அவரோடு முறைவைத்துத் தண்ணீர் இறைத்தவருக்கும், இறங்குதுறையில் அவருக்கு மீன் எடுத்துவைத்தவருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாதது தெரியும். மனைவியிடம் கேள்வித்தாளோடு போகவே கூடாது. பெரியவர் பாவித்த மண்வெட்டியையோ பழைய படமொன்றையோ கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அம்மா தானாகவே சொல்லுவார்.

‘இயற்கை விரும்பி’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். அவர் வருடாவருடம் பனங்கிழங்குப் பாத்தி போட்டவரா? அதை எழுதுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கி, களி பிழிந்து, அதைக் காயவைத்துச் செய்யும் பனாட்டுக்குக் கொடுத்துவிட்டு, விதையை வேலியோரம் குவித்துவைத்தார். மாரிமழை பிடிக்குமுன் மணலைக் கூட்டி மேட்டுப்பாத்தி கட்டி, விதைகளை நெருக்கி அடுக்கி மண்ணால் மூடினார். தண்ணீர் தேங்கினால் விதை அழுகும்; மண் இறுகினால் கிழங்கு நேராக இறங்காது. அதனால்தான் வளவில் எந்த மூலை மேடு, எந்த மூலை மணல் என்று அவ்வளவு பார்த்தார். தை, மாசியில் கிண்டியபோது பக்கத்தில் குந்தியிருந்த பேத்தி யார், பச்சையாகக் கிழித்து ஒடியலுக்குக் காயவைத்தது எவ்வளவு, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் பார்சலில் எந்த மகளுக்குப் போனது? இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பக்கத்தில் தோட்டக்காரரும் இருப்பார், தகப்பனும் இருப்பார்.

கடல்நீரேரிக்கு வரும் பூநாரைகளைப் பார்க்கப் பேரனைக் கூட்டிப்போனவர் என்றால், எந்த மாதம், எந்த வீதியால் போனார்கள், சைக்கிளை எங்கே விட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். ரொறன்ரோவில் வளரும் பிள்ளை நாளை வந்து அதே இடத்தில் நிற்க வேண்டும்.

படம் பெரிய சிக்கல். 1995 ஒக்ரோபர் போர்க்கால இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. அதற்கு முன் வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகள் அங்கே இருக்கக்கூடும், கேட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சிட 1200 புள்ளி அகலமாவது வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். கோட்டும் ரையும் ஒட்டிய ஸ்ரூடியோப் படம் அட்டைக்குப் போகட்டும். உள்ளே சாரத்தோடும் மண் ஒட்டிய காலோடும் நிற்கிற படத்தைப் போடுங்கள்.

அச்சகத்தில் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்தால், யூனிகோடில் நீங்கள் தந்ததை மாற்றுவார்கள். இடையில் கிடக்கும் ஆங்கிலப் பட்டங்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். முதலில் அவற்றைப் பாருங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்கில்தான் வரும். 32 பக்கத்தில் அடங்காமல் ஒரு பக்கம் கூடினாலும் 36 ஆகும். திதிக்கு உயிர் பிரிந்த நேரம் வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளை வேறு திதி காட்டும், குடும்பம் எதைப் பார்க்கிறதோ அதையே குருக்களிடமும் சொல்லுங்கள். வம்சாவளியை ஆண் வழியில் ஒரு மூத்தவருக்கும் பெண் வழியில் ஒரு மூத்தவருக்கும் உரக்க வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு விடாதீர்கள். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் வருடக்கணக்காகத் தீராது.

கடைசியாக, வருகிறவர்களின் தொகைக்கு மேல் 25 பிரதி கூட்டி அடியுங்கள். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எங்கள் ஊர் நூலகம். ஒரே இடத்தில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். பொது நூலகத்துக்கு ஒன்று, அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் நினைவு மலர்களையும் சேர்க்கிறது. அங்கும் ஒன்று கொடுங்கள். அச்சகத்திடமிருந்து பிடிஎஃப் கோப்பைக் காசு கொடுக்கிற அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.