அரை அரையாக மூன்று

வணக்கம் நேயர்களே.

எங்கள் தோட்ட லயக் குடியிருப்புகளில் ஒருவருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டால், முதலில் வருவது எண்ணெய்ப் போத்தல்தான். நன்றாக உருவிவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகுதான் வாகனம் தேடுவோம். ஆனால் மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணித்தியாலம். அதற்குள் ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யவும் வேண்டும்.

அமெரிக்காவில் பக்கவாதத்துக்கு 1996இல் அனுமதி பெற்ற ஊசி அல்டிப்ளேஸ். பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றி, மிச்சத்தை ஒரு மணித்தியாலம் சேலைன் மாதிரி மெதுவாகச் செலுத்த வேண்டும். வளைவுக்கு வளைவு குலுங்கும் நம் மலைப்பாதையில் அதை நினைத்துப் பாருங்கள்! அதே மூலக்கூறை மூன்று இடங்களில் திருத்தி உருவாக்கியதுதான் டெனெக்டெப்ளேஸ். இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்கும், ஒரே ஊசியில் வேலை முடியும். முதலில் மாரடைப்புக்குப் பயன்பட்ட இதற்கு, 2025இல் அமெரிக்கா பக்கவாதத்துக்கும் அனுமதி கொடுத்தது.

முற்றிலும் புதிய மருந்துகளின் கதை வேறு. மூளைக் கலங்களைக் காக்க வந்த நெரினெடைட், 2020இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தத்தில் பலன் காட்டவில்லை. அல்டிப்ளேஸும் ஏற்றியவர்களின் உடலில், கட்டியைக் கரைக்கும் நொதியே அதையும் வெட்டிவிட்டது போலும்.

சரி, பக்கவாதத்துக்குப் பெரிய காரணமான பிரஷருக்கு, அதாவது உயர் இரத்த அழுத்தத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் நமக்கு மிகவும் பொருந்தும் ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. மூன்று பழைய பிரஷர் மருந்துகளை அரை அரை அளவாக ஒரே குளிசையில் சேர்த்து, இலங்கையில் 700 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்கு பிரஷர் கட்டுக்குள் இருந்தது; வழக்கமான வைத்தியத்தில் 55 வீதம். அளவைப் பாதியாக்கினாலும் பலன் பாதியாகக் குறைவதில்லை, பக்கவிளைவுதான் நன்றாகக் குறையும். அதற்காக வீட்டிலுள்ள குளிசையை நீங்களே உடைத்து விழுங்கிவிடாதீர்கள், அந்தக் கணக்கு டாக்டருடையது.

வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அப்புறம், மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாயிருந்தார்?’ என்று ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேட்பார்கள்.