மழை வந்தால் டிஷ் நிற்கிறது, எதிர்வீட்டுக் கேபிள் ஓடுகிறது, ஏன்?

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் அதில் ஒன்றைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால் இன்றைக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்விகளும் பத்திரமாக இருக்கின்றன.

கடலூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "தம்பி, எங்கள் வீட்டில் டிஷ். எதிர்வீட்டில் கேபிள். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் டிவி 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிடுகிறது. எதிர்வீட்டில் சீரியல் அது பாட்டுக்கு ஓடுகிறது, சத்தம் எங்கள் திண்ணை வரை கேட்கிறது. கேபிள்காரரும் மொட்டை மாடியில் டிஷ் வைத்துத்தானே எடுக்கிறார்? அவர் டிஷ் மேல் மட்டும் மழை பெய்யாதா?"

எவ்வளவு அருமையான கேள்வி பாருங்கள். மழை வந்தால் சிக்னல் ஏன் போகிறது என்று கேட்டவர்கள் நிறைய. எதிர்வீட்டையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒரே வானத்திலிருந்துதானே வருகிறது என்று யோசித்துக் கேட்டவர் இந்த அக்காதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அக்கா சொல்வது உண்மை. இரண்டு வீட்டுக்கும் படம் வருவது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோள்களிலிருந்துதான். அவ்வளவு தூரத்திலும் மழை என்பது கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் நடக்கிற சமாச்சாரம். அந்த ஐந்து கிலோமீட்டரை எந்த அலையில் கடக்கிறோம் என்பதில்தான் உங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் வித்தியாசம்.

உங்கள் வீட்டு டிஷ் வாங்குவது கேயு பேண்ட் என்கிற அலைவரிசை. டிடி ஃப்ரீ டிஷ் ஆனாலும் சரி, மாதம் பணம் கட்டுகிற டிடிஎச் ஆனாலும் சரி, எல்லாமே கேயு பேண்ட்தான். அதன் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கேபிள்காரர் பெரிய டிஷ் வைத்து வாங்குவது பெரும்பாலும் சி பேண்ட். அதன் அலைநீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். கனமழையில் ஒரு துளி சில மில்லிமீட்டர் அளவு இருக்கும். ஏழெட்டு சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை, தாண்டிப் போய்விடும். இரண்டரை சென்டிமீட்டர் அலைக்கு அப்படி இல்லை. துளி அதைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது, கொஞ்சம் சிதறடிக்கிறது. வழியெல்லாம் கோடிக்கணக்கான துளிகள். கீழே வந்து சேரும்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு நிறைய ஊர்களில் கேபிள்காரர் சேனல்களைத் தானே வானத்திலிருந்து எடுப்பதில்லை. வேறு ஊரில் இருக்கிற பெரிய கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபைபர் வழியாக வருகிறது. உங்கள் தெருவில் கொட்டுகிற மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது. அதே சமயம், வழியில் எங்கேயோ கரண்ட் போனால் எதிர்வீட்டில் டிவி நிற்கும், இன்வெர்ட்டர் இருந்தால் உங்கள் வீட்டில் ஓடும். அதையும் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள் அக்கா.

அப்படியானால் வீட்டுக்கும் சி பேண்டே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். சி பேண்ட் அலைகளைத் தரையில் இருக்கிற மைக்ரோவேவ் இணைப்புகளும் பயன்படுத்தி வந்தன. அவற்றுக்குத் தொந்தரவு வராமல் இருக்க, செயற்கைக்கோள் கொஞ்சம் அடக்கித்தான் அனுப்ப வேண்டும். அடக்கி அனுப்பினால் கீழே வாங்குகிற டிஷ் பெரிதாக வேண்டும், எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி. கேயு பேண்டில் அதிக சக்தியோடு அனுப்பலாம், அலையும் சிறியது, அதனால்தான் இரண்டடி டிஷ் போதுகிறது. மழையில் போவது அந்தச் சின்ன டிஷ்ஷுக்கு நாம் கொடுக்கிற விலை.

அலைநீளம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன், ஒரு கதை சொல்லாமல் விட முடியாது. 1975 ஆகஸ்டில் நம் நாட்டில் சைட் என்று ஒரு பரிசோதனை தொடங்கியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி நிகழ்ச்சி அனுப்பினார்கள். ஆந்திராவும் கர்நாடகாவும் அதில் உண்டு, தமிழ்நாடு இல்லை. அந்தக் கிராமங்களில் வைத்த பத்தடி டிஷ் எதனால் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிறோமே, அந்தக் கம்பி வலை! முழுக்க ஓட்டை. ஆனாலும் படம் வந்தது. ஏனென்றால் அந்த அலை 860 மெகாஹெர்ட்ஸ், நீளம் ஏறக்குறைய முக்கால் முழம். அந்த அலைக்கு வலையில் இருக்கிற ஓட்டை தெரியவே தெரியாது. மழைத்துளி சுத்தமாகத் தெரியாது. செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்று 1945-லேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் இருந்தார். நம் இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டிலும் ஒரு டிஷ் அமைத்துக் கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார் அந்த மனிதர். எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிற விஷயம் இது.

இதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அலை சின்னதாகச் சின்னதாக டிஷ் துல்லியமாக இருக்க வேண்டும். கேபிள்காரரின் சி பேண்ட் டிஷ் வலையாக இருந்தாலும் வேலை செய்யும். உங்கள் டிஷ்ஷில் ஒரு நெளிவு விழுந்தால்கூடச் சிக்னல் குறையும். துணி காயப்போட ஏறும்போது டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள் என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

அப்புறம், அக்கா கேட்காத ஒன்று, ஆனால் கடலூரில் இருப்பவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 நிற்பது கிழக்கே 93.5 பாகையில். கடலூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், ஏறக்குறைய 69 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருக்கிறது. டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பது போலத் தெரியாது. அது ஆஃப்செட் டிஷ், அதன் முகம் ஒரு பக்கம், பார்வை அதைவிட இருபது பாகைக்கு மேல் உயரம். அந்தப் பார்வைக் கோடு மழை தொடங்குகிற ஐந்து கிலோமீட்டர் உயரத்தைத் தொடுகிற இடம், உங்கள் வீட்டிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் மழை கடலிலிருந்து வரும். அப்போது வீட்டு வாசலில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே டிவி நிற்கும். உடனே எழுந்துபோய்த் துணி எடுக்கலாம், நாலைந்து நிமிடம் கிடைக்கும். கோடை மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து சாயங்காலம் வரும். அப்போது முதலில் வாசல் நனையும், பிறகுதான் படம் போகும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் படம் வராது, மேகம் இன்னும் தென்கிழக்கில்தான் நிற்கிறது. பாக்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று அந்த நேரத்தில் பட்டனை எல்லாம் அழுத்தாதீர்கள்.

சரி. இதுவரை சொன்னது அக்கா கேட்ட கேள்விக்கு. எனக்கு ஆசை, அக்கா இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டை விடுங்கள். உங்கள் தெருவிலேயே டிஷ் வைத்திருக்கிற இன்னொரு வீட்டைப் பாருங்கள். அதே கம்பெனி, அதே அளவு டிஷ், அதே மழை. அவர்கள் வீட்டில் மழை வலுத்தால் பத்து நிமிடம் போகிறது. உங்கள் வீட்டில் தூறலுக்கே போகிறதா? அப்படியானால் தப்பு மழை மேல் இல்லை.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். ஆமாம், அதேதான்: கையிருப்பு. மழை எல்லார் வீட்டிலும் ஒரே அளவுதான் எடுத்துக்கொண்டு போகிறது. சேமிப்பு வைத்திருக்கிற குடும்பம் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சமாளிக்கிறது, அன்றன்றைக்குச் செலவழிக்கிற குடும்பம் தடுமாறுகிறது, இல்லையா? சிக்னலும் அப்படித்தான். பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று பாக்ஸ் காட்டுகிற குவாலிட்டி எண் 90-ல் இருந்தாலும் படம் ஒன்றுதான், தட்டுத்தடுமாறி 50-ல் இருந்தாலும் அதே படம்தான். படத்துக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன அடுத்த நொடி கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதனால் வெயில் நாளில் படம் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து டிஷ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவே கூடாது.

ரிமோட்டில் மெனு போய், சிக்னல் பக்கத்தைத் திறங்கள். இரண்டு பட்டை இருக்கும். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தைப் பார்க்காதீர்கள், குவாலிட்டியைப் பாருங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஸ்ட்ரெங்த் என்பது கேபிளில் வந்து சேர்கிற மொத்தம், அதில் இரைச்சலும் சேர்ந்திருக்கிறது. மழை சிக்னலை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. தெளிந்த வானம் டிஷ்ஷுக்குக் குளிர்ந்த வானம். மழை வெதுவெதுப்பானது, தானே இரைச்சலை உமிழ்கிறது. சிக்னல் குறையும்போதே இரைச்சல் கூடுகிறது. மொத்தம் பார்த்தால் பெரிதாக மாறியிருக்காது, அதனால் படம் நின்ற பிறகும் ஸ்ட்ரெங்த் பட்டை நிமிர்ந்தே இருக்கும். டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அந்தப் பட்டை காட்டும். குவாலிட்டிதான் உங்கள் கையிருப்பு.

சமீபத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேசான தூறலுக்கே படம் போகிறது, வெயில் அடித்தாலும் பாதிச் சேனல் வரவில்லை. பார்க்க வந்தவர் பாக்ஸை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "தம்பி, புதுப் பாக்ஸ் வாங்கிடலாமா?" என்று கேட்டார். முதலில் மாடிக்குப் போவோம் ஐயா என்றேன். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கருவிதான் எல்என்பி, டிஷ் குவிக்கிற சிக்னலை வாங்குவது அதுதான். அந்த எல்என்பியில் கேபிள் சேருகிற கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கேபிளைச் சுற்றி இருக்கிற கம்பிப் பின்னல் வெள்ளியாகப் பளபளக்க வேண்டும், கறுத்து, விரலில் தேய்த்தால் பொடியாக வந்தது. தண்ணீர் அந்தப் பின்னல் வழியாகவே ஒரு சாண் தூரம் இறங்கியிருக்கிறது. பாக்ஸ் எல்என்பிக்கு 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பாதிச் சேனல், 18 வோல்ட் அனுப்பினால் மறுபாதி. கெட்டுப்போன இணைப்பில் வோல்ட் விழுந்துவிட்டால் 18-ல் வர வேண்டிய பாதி வராது. கறுத்த பகுதியை முழுக்க வெட்டி எறிந்தேன். நல்ல கம்பி தெரிகிற இடத்தில் புது கனெக்டர் போட்டு, மேலே ரப்பர் டேப் இழுத்துச் சுற்றினேன். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன், அப்போதுதான் மழைத் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. கீழே இறங்கி வந்து பார்த்தால் குவாலிட்டி ஐம்பதுகளிலிருந்து எண்பதுக்கு மேல் ஏறியிருந்தது. எல்லாச் சேனலும் வந்தது. பாக்ஸ் அதே பாக்ஸ்.

எல்என்பியின் முகத்தில் இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். வெயிலில் வெடித்து விரிசல் விட்டிருக்கும், உள்ளே தண்ணீர் இறங்கும். குளவி கூடு கட்டியிருக்கும். கம்பத்தைப் பிடிக்கிற போல்ட் காற்றில் தளர்ந்து டிஷ் ஒரு பாகை திரும்பியிருந்தால்கூடக் குவாலிட்டி கணிசமாக இறங்கும்.

டிஷ்ஷைப் பெரிதாக்கினால் சரியாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆக்கினால் பரப்பு இரண்டே கால் மடங்கு, சிக்னலை அளக்கிற டெசிபெல் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை டெசிபெல் கூடும். கனமழை பத்து டெசிபெலுக்கு மேல், அதாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், எடுத்துவிடும். அதனால் நிற்கிற நேரம் குறையும், முழுக்க நிற்காமல் இருக்காது. முதலில் கனெக்டரைச் சரி செய்யுங்கள், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பெரிய டிஷ் வாங்குங்கள்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். செப்டம்பர் கடைசி வாக்கில் நல்ல வெயிலில், டிடி ஃப்ரீ டிஷ் என்றால் காலை 11 மணி வாக்கில், சில நாள் தொடர்ந்து ஐந்து பத்து நிமிடம் படம் போனால் அது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவது. மார்ச் பக்கமும் வரும். தானாகச் சரியாகிவிடும், யாரையும் கூப்பிட வேண்டாம்.

அக்கா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மழை பெய்யும்போது ஆளைக் கூப்பிடாதீர்கள். வானம் தெளிந்திருக்கிற ஒரு நாளில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, குவாலிட்டி எண்ணை ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதி பாக்ஸின் அடியில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு பாக்ஸும் எண்ணை ஒவ்வொரு விதமாகக் காட்டும், அதனால் அடுத்த வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை பாருங்கள். இறங்கியிருந்தால் அப்போது ஆளைக் கூப்பிட்டு, பாக்ஸைத் தொடுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் எண் என்ன வந்தது, டிஷ் எத்தனை சென்டிமீட்டர் என்று கீழே எழுதினால் அடுத்த வாரம் அதை வைத்துப் பேசலாம். ஸ்ட்ரெங்த் வேண்டாம் அக்கா, குவாலிட்டி மட்டும் போதும்.