எச்சரிக்கையை ஏமாற்றும் கலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் ஏதாவது ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா நடந்தால், மைக் செட்டுக்குக் கரன்ட் எடுத்திருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பிளக் பாயிண்ட் இருக்கும், பிளக் இருக்காது. முனை சீவிய இரண்டு ஒயர்களை ஓட்டைக்குள் விட்டு, நழுவாமலிருக்க ஆளுக்கொரு தீக்குச்சியைச் செருகியிருப்பார்கள். காய்ந்த மரக்குச்சியில் கரன்ட் பாயாது என்பது செருகியவருக்கு நன்றாகத் தெரியும். பத்தடி தள்ளி டிரான்ஸ்ஃபார்மரில் அபாயம் என்று எழுதி மண்டையோடு வரைந்த பலகை தொங்கும். அதைச் சுற்றியுள்ள கம்பி வேலியில் யாரோ துண்டைக் காயப்போட்டிருப்பார்கள்.

எச்சரிக்கைப் பலகைகளையும் நம்முடைய அசட்டுத்தனத்தையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எழுதியிருப்பது புரியாமல் விதியை மீறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்துப் புரிந்துகொண்டு, அதைச் சுற்றிப் போக ஒரு வழியும் கண்டுபிடித்து மீறியவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த பிளக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று முனைகளில் எர்த் முனை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். அதற்காகத்தான் நீளம். தடிமனாக இருப்பதால் தவறான ஓட்டைக்குள் நுழையாது. இப்போது வரும் பல பாயிண்ட்களில் உள்ளே ஒரு சிறு மூடி உண்டு. எர்த் முனை போய்த் தள்ளினால்தான் கரன்ட் வரும் ஓட்டைகள் திறக்கும். குழந்தை கம்பியை விட்டு நோண்டினாலும் ஆபத்தில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நம்மவர் என்ன செய்கிறார்? டெஸ்டரை மேல் ஓட்டையில் குத்தி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு முனை பிளக்கைக் கீழே சொருகுகிறார். பூட்டை ஆராய்ந்து சாவி செய்கிற மூளை அது. அசடு என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நான் அதிகம் மல்லுக்கட்டியது பவர் பிரஸ்களோடு, அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வெட்டுகிற, வளைக்கிற மிஷின்களோடு. அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மேலிருந்து இறங்கும் ‘பஞ்ச்’ என்ற மேல் அச்சு, கீழே ‘டை’ என்ற கீழ் அச்சு, நடுவில் தகடு. தகட்டை வைக்கிற கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கினால் விரல் போச்சு. அதனால் இரண்டு பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருந்துதானே ஆக வேண்டும்!

கொஞ்ச நாளில் ஒரு பொத்தான் மேல் சைக்கிள் டியூப் ரப்பர் ஏறிவிடும். சில இடங்களில் ஒரு நாணயத்தை வைத்து இறுக்கியிருப்பார்கள். ஒரு கை பொத்தானில், இன்னொரு கை தகட்டில். ரப்பரை நாம் அவிழ்த்துவிட்டு வருவோம், அடுத்த ஷிப்டில் மறுபடியும் கட்டியிருக்கும்.

அது பீஸ் ரேட் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை பீஸோ அத்தனை கூலி. ரப்பர் கட்டாவிட்டால் அன்றைக்கே கூலி குறைகிறது. கட்டினால் விரல் போவது என்றைக்கோ, அதுவும் வேறு யாருக்கோ என்று தோன்றுகிறது. ஷிப்ட் முடிவில் எண்ணிக்கையைப் பார்க்கும் சூப்பர்வைசர் ரப்பரைப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை கூடினால் முதலாளிக்கும் கண் தெரிவதில்லை. இத்தனை பேர் கூட்டாகச் செய்கிற காரியத்துக்குத் தொழிலாளியின் அலட்சியம் என்று பெயர் வைத்து அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கைகளைப் படித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும்.

பிறகு வந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ரப்பரை வென்றன. இரண்டு பொத்தான்களையும் அரை நொடிக்குள் சேர்த்து அமுக்க வேண்டும். ஒரு முறை இறங்கி ஏறியதும் இரண்டிலிருந்தும் கையை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினால்தான் அடுத்த முறை இறங்கும். ஒன்றைக் கட்டிப்போட்டால் மிஷின் சும்மா நிற்கும். நம் ஆட்கள் அதற்கும் அசரவில்லை. ஒருவர் இரண்டு பொத்தானையும் அமுக்குவார், இன்னொருவர் தகடு வைப்பார். தகடு வைப்பவர் கை அமுக்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை ஜோடிப் பொத்தான் வேண்டும் என்று ஆயிற்று.

தொழிற்சாலையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். காரில் பெல்ட் போடாவிட்டால் கீச் கீச்சென்று கத்தும் அல்லவா? அந்தச் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விற்றார்கள். பெல்ட்டின் நாக்கைப் போலவே செய்த ஒரு துண்டு, பெல்ட் மட்டும் கிடையாது. சொருகினால் கார் சமாதானமாகிவிடும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணையக் கடைகளிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்களை எடுக்க வைத்தது. சிலர் அதைப் பாட்டில் மூடி திறப்பான் என்ற பெயரில்கூட விற்றிருக்கிறார்கள். பெல்ட்டை இழுத்து மாட்ட ஒரு நொடி ஆகும். அதற்குச் சோம்பல்பட்டு, தேடி, பணம் கட்டி, பார்சலுக்குக் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள்!

ஹெல்மெட் விஷயத்தில் சட்டம் எழுதியவர்கள் நம்மை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு, ஹெல்மெட் போடு என்பதோடு நிற்கவில்லை. வாரால் தலையோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதையெல்லாம் சட்டத்தில் எழுத வேண்டுமா என்று நினைக்கிறவர்கள் ஏதாவது ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும்.

பலகைகளிலும் இரண்டு சாதி உண்டு. ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ நிஜமாகவே நம்மைப் பார்த்துச் சொன்னது. எதுகையும் இயைபும் அழகாக வந்து விழுந்த வாசகம். அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே ஒரு தலைமுறை மாணவர்கள் படியில் தொங்கினார்கள். தானாக மூடும் கதவு வந்த பேருந்துகளில், அந்தக் கதவு வேலை செய்கிற வரைக்கும், படிப் பயணம் தானாக நின்றது. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று முடிகிற பலகை வேறு சாதி. அது பேசுவது நம்மிடம் இல்லை, நாளைக்கு வழக்கை விசாரிக்கப்போகும் நீதிபதியிடம்.

எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கையைக் கண்ணால் படிக்கவே வேண்டாம், மூக்கு போதும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக அந்த நாற்றம் கிடையாது. மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்த்து வேண்டுமென்றே நாற வைக்கிறார்கள். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடியில் இயற்கை எரிவாயு கசிந்து நிரம்பியது. மணம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மின்சாரக் கருவி ஒன்றிலிருந்து வந்த பொறி போதுமானதாக இருந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதை அங்கே சட்டமாக்கினார்கள்.

அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நம் கை முதலில் எங்கே போகிறது? சுவிட்சுக்கு. எங்கே கசிகிறது என்று பார்க்க லைட், வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி உண்டு. எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டரில் வரும் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவையும் விரியத் திறங்கள். வெளியே வந்தபிறகு போனில் 1906, வாயுக் கசிவுக்கான அவசர எண்.

இன்னும் ஒன்று மட்டும். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் மார்ச் வரை, B ஜூன் வரை, C செப்டம்பர் வரை, D டிசம்பர் வரை. பக்கத்தில் ஆண்டு. அது வாயு கெட்டுப்போகிற தேதி இல்லை, சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு. கெடு தாண்டியது வந்தால் கொண்டு வந்த தம்பி கிளம்புவதற்குள் பார்த்துவிட்டு, மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த சிலிண்டருக்கு அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

வணக்கம்.