கம்ப்யூட்டர் என்று சொல்லாமல் விற்ற கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிக்கிறவரிடம் ஒரு கம்ப்யூட்டரை எப்படி விற்பது? 1991இல் கமடோர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது: அந்தப் பேச்சையே எடுக்காமல் விற்றுவிடுவது.

அந்தப் பெட்டியின் பெயர் சிடிடிவி. கறுப்பு நிறம், முன்பக்கம் சிடி போடும் இடம், கையில் ஒரு ரிமோட். வீடியோ டெக்குக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருந்தது என்னவோ அவர்களுடைய அமிகா 500 கம்ப்யூட்டர்தான். அமிகா என்ற பெயரைப் பெட்டியில் போடவில்லை. கீபோர்டும் மவுசும் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்களோடு சேர்த்து வைக்காதீர்கள், டிவி, ஸ்டீரியோ இருக்கும் பக்கம் வையுங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தார்கள். அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெல்லையே இதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அமெரிக்காவில் விலை 999 டாலர்.

சரி, டிவி கடையில் ஒருவர் இதைப் பார்க்கிறார். "இது என்ன செய்யும்?" என்று கேட்கிறார். வீடியோ டெக் என்றால் பதில் சுலபம்: ராத்திரி வரும் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து காலையில் பார்க்கலாம். சிடிடிவிக்கு அப்படி ஒரு பதில் இல்லை. பாட்டு கேட்கலாம், விளையாடலாம், கலைக்களஞ்சியம் படிக்கலாம் என்று அடுக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கு அதைவிட மலிவான சிடி பிளேயர் இருந்தது. முழுத்திரையில் சினிமா ஓடாது. சோபாவில் உட்கார்ந்து, எட்டத்தில் இருக்கும் டிவியில் கட்டுரை படிப்பதற்கு யார் 999 டாலர் கொடுப்பார்கள்?

அதே ஆண்டு பிலிப்ஸ் கொண்டுவந்த சிடி-ஐ பெட்டிக்கும் இதே கதி. அதில் சினிமா பார்க்கத் பெட்டியில் செருகும் ஒரு கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, அதுவும் பின்னால்தான் வந்தது.

மக்களின் வெறுப்பை இவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் கருத்து. கீபோர்டைக் கண்டு யாரும் ஓடவில்லை. எதற்கென்றே தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்வதும், தெரியாதபோது கடைக்காரர் முன் கூசிப்போய் நிற்பதும்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1996இல் வெப்டிவி வந்தது. அதுவும் டிவியோடு இணைக்கும் பெட்டிதான். ஆனால் வீட்டு டிவியிலேயே ஈமெயில் பார்க்கலாம், அனுப்பலாம் என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் சுமார் 42 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது.

இன்றும் டேப்லெட் வாங்க வரும் பெரியவரிடம் எடுத்த எடுப்பிலேயே ராம், பிராசசர் என்று ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் ஐயா என்று முதலில் கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பேத்தியின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பார். அந்த ஒன்றை மட்டும் அவர் கையாலேயே செய்யவிடுங்கள், குறுக்கே உங்கள் விரலை நீட்டாதீர்கள். அப்புறம் அவரே கேட்டால் ராம் கணக்கையும் சொல்லலாம்.

நன்றி, வணக்கம்.