மியூவானை எண்ண ஊட்டிக்குப் போகலாமா? கடைசி வருட பிராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை

[திரையில்: மேட்டுப்பாளையம் ரயில் நிலையம். பெஞ்சில் ஒரு முதுகுப் பை.]

வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல், கடைசி செமஸ்டர். கைடு கூப்பிட்டு, "தலைப்பு என்னப்பா?" என்கிறார். "காஸ்மிக் கதிர்கள், சார்" என்கிறீர்கள். அது ஒரு துறையின் பெயர். அதை வைத்துக்கொண்டு நாலு மாதத்தில் ஒன்றும் முடியாது. "மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் மியூவான் எத்தனை சதவீதம் அதிகம்?" என்று கேளுங்கள். இதை அளக்கலாம். மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவுக்காரத் துகள்; காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறப்பது.

ஏன் அதிகமாக இருக்க வேண்டும்? விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றின் அணுக்கருக்களில் மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் பையான்கள் என்ற குறைந்த ஆயுள் துகள்கள் உடனே சிதைந்து, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்திலேயே மியூவான்களாகிவிடுகின்றன. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனாலும் தரைக்கு வந்து சேர்கின்றன, ஐன்ஸ்டைன் புண்ணியத்தில்: அவ்வளவு வேகத்தில் ஓடும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக நகர்கிறது. இருந்தும் வழியில் பல சிதைந்துபோகும். 2,200 மீட்டர் உயரத்தில் நின்றால், சிதைவதற்கு முன்பே இன்னும் கொஞ்சத்தைப் பிடிக்கலாம்.

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் கருவி]

கருவிக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த 'காஸ்மிக் வாட்ச்' வடிவமைப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 5 செ.மீ.க்கு 5 செ.மீ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் ஊடுருவினால் மினுங்கும் தட்டு), அதில் தோன்றும் மினுக்கைப் பிடித்து மின்துடிப்பாக்க ஒரு சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர், எண்ணுவதற்கு ஆர்டுயினோ என்ற ஒரு சின்ன கணினிப் பலகை. இரண்டு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணுங்கள். இல்லையென்றால் சுவரிலும் பாறையிலும் இருக்கும் இயற்கைக் கதிரியக்கமும் மியூவான் கணக்கில் ஏறிவிடும்.

எவ்வளவு நேரம் எண்ணுவது? தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான். 25 சதுர செ.மீ.க்கு 25. இரண்டு தட்டையும் ஊடுருவுபவை அதிலும் குறைவு. 10 என்று வைப்போம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை. 100 மியூவானுக்குப் பிழை 10 சதவீதம். ஒரு சதவீதம் வேண்டுமா? 10,000 எண்ண வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம். மலை ரயிலில் ஜன்னலோரம் கருவியை வைத்து அளப்பது வீடியோவுக்கு அழகு, டேட்டாவுக்கு உதவாது. இரண்டு ஊரிலும் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். கூரையும் ஒரே மாதிரி இருக்கட்டும். கான்கிரீட்டும் சில மியூவான்களை விழுங்கும்.

[திரையில்: ஊட்டி, காலைப் பனி]

இனிதான் பிராஜெக்ட்டின் உயிர் இருக்கிறது. ஊட்டியில் எண்ணிக்கை கூடிவிட்டது, சந்தோஷம். கொஞ்சம் பொறுங்கள். சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர் குளிரக் குளிர அது துடிப்பைப் பெரிதாக்கும் அளவு, அதாவது அதன் பெருக்கம், கூடும். கீழே கண்ணில் படாத சின்னத் துடிப்பெல்லாம் மேலே எண்ணப்பட்டிருக்கும். அப்படியானால் நீங்கள் அளந்தது உயரத்தையா, குளிரையா?

பிரித்துப் பார்க்க வழி எளிது. மேட்டுப்பாளையத்திலேயே கருவியை ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களோடு வைத்து, ஊட்டி வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, இன்னொரு இரவு எண்ணுங்கள். பெட்டிக்குள் ஈரம் கோக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மாறாவிட்டால் நிம்மதி. மாறினால், அந்த மாற்றமே உங்கள் அறிக்கையின் ஒரு அத்தியாயம். என்னைக் கேட்டால், வைவாவில் பேச அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. ரெடிமேடாக பிராஜெக்ட் வாங்கி வந்தவரிடம் அந்த ஐஸ் இரவின் ரீடிங் இருக்காது.

ஊட்டியில்தான் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகமும் இருக்கிறது. அதன் மியூவான் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர்; உங்கள் தட்டைப்போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். மலைக்க வேண்டாம். காற்றழுத்தம் ஏறினால் எண்ணிக்கை இறங்கும், அவர்களும் அதைத் திருத்தியாக வேண்டும். நீங்களும் மணிக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிண்டிலேட்டரை மட்டும் முதல் வாரமே ஆர்டர் செய்துவிடுங்கள். பார்சல் வருவதற்குள் தெர்மோகோல் பெட்டியைத் தயார் பண்ணலாம்.