அந்த 50 எப்படி வந்தது?

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், அவையில் இருக்கும் பெற்றோருக்கும், முக்கியமாக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கல்லூரி நுழைவுத் தேர்வில் மாணவருக்குப் பெரிதும் கைகொடுப்பது கூட்டு வகுப்பா, தனிப் பயிற்சியா என்பது தலைப்பு. தனிப் பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார். நாலு பேரோடு சேர்ந்து படித்தால்தான் போட்டி போடத் தோன்றும்; தனிப் பயிற்சி என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும்; பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை சொந்தக் காலில் நிற்கப் பழகாது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன் நடுவர் அவர்களே. அதற்கு முன் ஒரு கணக்கு.

ஓர் இடத்துக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறோம். சராசரி வேகம் என்ன? தூரத்தை 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240 கிலோமீட்டரை 5 மணி நேரத்தால் வகுத்தால் 48. இதுதான் விடை. ஆனால் ஆப்ஷன்களில் 50 என்று ஒன்று கட்டாயம் இருக்கும். வேண்டுமென்றேதான் வைப்பார்கள். மாடல் டெஸ்ட்டில் மூன்று பிள்ளைகள் அந்த 50ஐ ஷேடு செய்துவிட்டு வருகிறார்கள் என்று வையுங்கள்.

விடைத்தாளைத் திருத்தும் இயந்திரத்துக்கு மூன்றும் ஒரே தவறு. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பிலும் அப்படித்தான். ஆசிரியர் பலகைக்குத் திரும்பி, 'சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும்' என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருப்பது ஒரு மணி நேரம், கேள்விகளோ ஐம்பது.

அந்தப் பிள்ளைகளின் ரஃப் பேப்பரைக் கையில் வாங்கிப் பாருங்கள். முதல் பிள்ளை 60ஐயும் 40ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறாள். அவளுக்குச் சராசரி வேகம் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. இரண்டாவது பையனின் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் எட்டுக் கேள்வி மிச்சம், கண்ணில் பட்டதை ஷேடு செய்திருக்கிறான். அவனுடைய பிரச்சினை நேரம். மூன்றாவது பிள்ளையின் தாளில் தெளிவாக 48 என்று இருக்கிறது. அதன் மேல் ஒரு கோடு. ஏன் என்று கேட்டால், "எனக்கு 48ன்னுதான் வந்துச்சு சார். ஆனா 50தான் சரியா இருக்கும்னு தோணுச்சு, மாத்திட்டேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். பாடம் தெரியும், வழிமுறை தெரியும், தன் விடையை நம்பத்தான் தெரியவில்லை.

பலகையில் எழுதிய அந்த ஒரு வரி முதல் பிள்ளைக்கு மட்டும்தான் உதவியது. இரண்டாவது பையனுக்கு வேண்டியது எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, எதை ஒதுக்கிவிட்டுப் பிறகு வருவது என்ற பழக்கம். மூன்றாவது பிள்ளைக்கு வேண்டியது, போட்ட விடையை 30 நொடியில் சரிபார்த்துக்கொள்ளும் வழி. இதையெல்லாம் கேட்டுக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் உட்கார வேண்டும் நடுவர் அவர்களே. தனிப் பயிற்சி என்று நான் சொல்வது அந்த உட்காருதலைத்தான்.

நெகட்டிவ் மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, நான்கு ஆப்ஷன். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, 'தெரியாததைத் தொடாதே'. இதைத் துணிச்சல்காரப் பையன் கேட்டால் அவனுக்கு நல்லது. பயந்த பிள்ளை கேட்டால்? நான்கில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. மீதி இரண்டில்தான் குழப்பம். அப்போது ஷேடு செய்தால், பாதி வாய்ப்பில் 4, பாதி வாய்ப்பில் மைனஸ் 1. சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் லாபம். அவள் அதை விட்டுவிட்டு வருகிறாள். பத்துக் கேள்வியை அப்படி விட்டால் சராசரியாக 15 மதிப்பெண் போகிறது. தரப்பட்டியலில் 15 மதிப்பெண் என்றால் என்ன என்று இங்கிருக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறிவுரை ஒருவனைக் காப்பாற்றி இன்னொருத்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

இன்னொன்றையும் எதிரணி யோசிக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும் எஸ்ஏடி தேர்வு இப்போது முழுக்கக் கணினியில் நடக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே 2023இலும் உள்ளே 2024இலும் மாறியது. மொழிப் பிரிவு, கணிதப் பிரிவு இரண்டிலுமே இரண்டிரண்டு பகுதிகள். முதல் பகுதியை மாணவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துவிட்டு, இரண்டாம் பகுதியைக் கடினமாகவோ எளிதாகவோ கணினி தருகிறது. கணிதத்தில் முதல் பகுதி 35 நிமிடம், 22 கேள்வி. அங்கே கவனக்குறைவில் கோட்டைவிட்டால் எளிதான இரண்டாம் பகுதி வரும். அதில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உச்ச மதிப்பெண் எட்டாது. தேர்வே ஆளுக்குத் தக்கபடி மாறத் தொடங்கிவிட்டது. பயிற்சி மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் போதுமா?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1984இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட வழக்கமான வகுப்பையும், ஒருவருக்கு ஒருவர் கற்பித்தலையும் ஒப்பிட்ட ஆய்வுகளைப் பற்றியது அது. தனியாகக் கற்ற குழுவின் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார். இந்த எண் கொஞ்சம் பெரிது என்று எதிரணி சொல்லும் முன் நானே சொல்கிறேன்: 2011இல் கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவான பலன்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பாதியும் சாதாரணமில்லை. நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளையை, ஏறத்தாழ 78 பேருக்கு மேலே கொண்டுபோகும் அளவு அது.

இனி எதிரணியின் கேள்விகள். போட்டி மனப்பான்மைக்கு ஒரு வரி போதும்: மாடல் டெஸ்ட்டை எல்லோரோடும் எழுதட்டும், எழுதியதை யாராவது தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

பணம். இதுதான் எனக்கும் வலிக்கும் இடம். தனி ஆசிரியரை எல்லோருக்கும் தரும் செலவைப் பெரும்பாலான சமூகங்களால் தாங்க முடியாது என்று புளூமே எழுதினார். உண்மை. ஆனால் செலவு அதிகம் என்பது, எல்லோருக்கும் கிடைக்கச் செய்யுங்கள் என்பதற்கான வாதம். அது தேவையில்லை என்பதற்கான வாதம் ஆகாது. கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளம் 2015இலிருந்து எஸ்ஏடிக்கான பயிற்சியை இலவசமாகவே தருகிறது. எந்தப் பகுதியில் தடுமாறுகிறோம் என்று அது காட்டும். போன வருடம் தேர்வெழுதிய அக்கா வாரம் ஒரு மணி நேரம் ரஃப் பேப்பரைப் பார்த்தால் அதுவும் தனிப் பயிற்சிதான். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் ஒரு பிள்ளையை நிறுத்தி, 'இதை ஏம்மா மாத்தின?' என்று கேட்டால் அதுவும்தான்.

கடைசியாக, சொந்தக் கால். விடையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பவர் நல்ல பயிற்றுநர் இல்லை. அங்கே தோழர் சொன்னது சரி. நல்லவர் கேள்விதான் கேட்பார். தவறுகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்: கேள்வி என்ன, நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன். முதல் மாதம் மூன்றாவது கட்டத்தை அவர் கேட்டு எழுதவைப்பார். பிறகு பிள்ளையே எழுதும். நாலாவது மாதம் அந்த நோட்டை அவர் புரட்டிப் பார்த்தாலே போதும். அப்படி எழுதப் பழகிய பிள்ளை, தேர்வு அறையில் 48 என்று வந்தால் 48ஐத்தான் ஷேடு செய்யும்.

தீர்ப்புச் சொல்லும்போது அந்த மூன்று பிள்ளைகளையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.