வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘ஆல்ரெடி’

வணக்கம் நேயர்களே. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றை 38 வெள்ளி கொடுத்து வாங்கினேன். பேரம் பேசாமல் நான் எதையும் வாங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நூலுக்கு நெகிழி உறை போட்டு ஒட்டியிருந்ததால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை, ஒரு வெள்ளியைக்கூடக் குறைக்கக் கடைக்காரர் இசையவுமில்லை. 38 வெள்ளி என்பது இருவர் வயிறார நாசி கண்டார் சாப்பிடும் பணம். வீட்டுக்கு வந்து பிரித்தால், ‘ஆல்ரெடி’ என்ற சொல்லுக்கு ‘ஏற்கெனவே’ என்று மட்டும் பொருள் எழுதி, மலேசியர்கள் அதை வாக்கியத்தின் கடைசியில் சேர்ப்பது பிழை என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். காரணம் சொல்லாத இலக்கண நூல் எனக்கு அறவே பிடிக்காது.

பினாங்கில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பவர் ‘ஏற்கெனவே சாப்பிட்டேன்’ என்று சொல்ல வரவில்லை, ‘சாப்பிட்டாயிற்று’ என்கிறார். ‘ரெயினிங் ஆல்ரெடி’ என்றால் மழை வந்துவிட்டது என்று பொருள். ஒரு செயல் முடிந்ததையோ ஒரு நிலை மாறியதையோ காட்டவே அந்தச் சொல் அங்கே நிற்கிறது. பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் ‘சியா லியாவ்’ என்று வினைக்குப் பின்னால் ‘லியாவ்’ வருவதும், மலாயில் ‘சுடா மாக்கான்’ என்று வினைக்கு முன்னால் ‘சுடா’ வருவதும், தமிழில் ‘ஆயிற்று’, ‘விட்டது’ ஆகியவை வினையோடு சேர்வதும் இதே பணிக்காகத்தான். ‘டோன்ட் வான்ட் ஆல்ரெடி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது ‘இனி வேண்டாம்’ என்பது. அந்த நூல் தரும் பொருளை அங்கே வைத்தால் ‘ஏற்கெனவே வேண்டாம்’ என்று வரும், அது எந்தத் தமிழருக்கும் விளங்காது.

பள்ளித் தேர்வுக்கு வருவோம். ‘ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்று துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வைப்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்றும் சொல்வார்கள். இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: இரு சொல்லாகப் பிரித்து எழுதும் ‘ஆல் ரெடி’ வேறு, அது ‘எல்லாரும் தயார்’ அல்லது ‘முழுவதும் தயார்’ என்று பொருள்படும். இடைக்கால ஆங்கிலத்தில் அந்த இரு சொற்கள் இணைந்தே இந்த வினையடை பிறந்தது.

கடைசியில் வைத்தாலே பிழை என்ற தீர்ப்பும் நிற்காது. ‘ஹாவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’ என்பது இங்கிலாந்திலும் பேசும் நல்ல ஆங்கிலம், ‘அதற்குள் முடித்துவிட்டாயா?’ என்ற வியப்பு அதில் இருக்கிறது. வியப்பில்லாமல் கேட்டறிய மட்டும் நினைத்தால் ‘யெட்’ போதும் என்பதை அந்தச் சொல்லைப் பற்றிய என் காணொளியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆகவே ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்று எழுதும் மாணவர் திருத்த வேண்டியது ‘ஆல்ரெடி’யின் இடத்தை அன்று, ‘ஈட்’ என்ற வினையின் வடிவத்தை. ‘ஐ ஹாவ் ஈட்டன் ஆல்ரெடி’ என்று தாராளமாக எழுதலாம். ‘இனி வேண்டாம்’ என்பதற்கு மட்டும் ‘ஆல்ரெடி’யை விட்டுவிட்டு, ‘ஐ டோன்ட் வான்ட் இட் எனிமோர்’ என்று எழுதுங்கள்.